மார்க்குக்கும் வாழ்க்கைக்கும் என்னதான் சம்பந்தம்? புரியிற மாதிரி ஒரு விளக்கம்

மே மாசம் ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற அன்னிக்கு எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். காலைல "பாப்பாக்கு எவ்ளோ, தம்பிக்கு எவ்ளோ"ன்னு விசாரணை. சாயங்காலம் ஆனா, மார்க் கம்மியான வீட்டுக்காரங்கள தேத்துறதுக்கு ஒரு ஃபார்வர்ட்: பில் கேட்ஸ் காலேஜ பாதில விட்டவரு, ராமானுஜன் ஃபெயிலானவரு, காமராஜர் ஆறாவதோட நின்னவரு, மார்க்கெல்லாம் வெறும் பேப்பர்தான். இதுல கூத்து என்னன்னா ரெண்டையும் அனுப்புறது ஒரே பெரியப்பா.

இந்த தடவ எங்க அக்கா பையனுக்கு 600க்கு 431. அக்கா போன் பண்ணி "நீதான் படிச்சவனாச்சே, இந்த மார்க்க வச்சிக்கிட்டு இவன் தேறுவானா மாட்டானா, ஒரே வார்த்தைல சொல்லு"ன்னு கேட்டுச்சு. ஒரே வார்த்தைல வரல. அதான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியதா போச்சு. புள்ளியியல் வருமேன்னு பயப்படாதீங்க, நாலஞ்சு ஐடியா புரிஞ்சா போதும், எதுக்கும் கால்குலேட்டர் தேவையில்ல.

"மார்க் வாங்குனா ஜெயிக்கலாமா"ங்கிறது பாக்க ஒரு கேள்வி மாதிரி இருக்கும், ஆனா உள்ள ரெண்டு மூணு கேள்வி முடிச்சு போட்டு கெடக்கு. மார்க் இருந்தா எந்தக் கதவு தொறக்கும்ங்கிறது ஒண்ணு. கதவு தாண்டி உள்ள போனப்பறம் அந்த மார்க் எதுக்காவது ஆகுமாங்கிறது சுத்தமா வேற. நம்ம ஆளுங்க ஒரு கேள்விக்கு பதில் சொல்லிட்டு இன்னொண்ணுக்கும் சேத்து சொல்லிட்டதா நெனச்சுக்கிறாங்க, டீக்கடைல சண்டை வர்றதே அதனாலதான். (வெற்றின்னா என்னன்னு ஆரம்பிச்சா விடிஞ்சிடும். இங்க கௌரவமான வேலை, கைல நாலு காசு, அவ்ளோதான்னு வச்சுப்போம்.)

கதவு விஷயத்துல மார்க் எவ்ளோ ஈவு இரக்கமில்லாம வேலை செய்யும்னு மொதல்ல பாத்துடலாம். நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங் எடுத்துக்கங்க. கணக்கு 100க்கு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ரெண்டையும் 50, 50ஆ கொறச்சு மொத்தம் 200க்கு கட் ஆஃப். ரெண்டு லட்சம் பேர் கிட்ட இருக்குற வரிசைல அரை மார்க் கொறஞ்சா எத்தன ஆயிரம் பேர் முன்னாடி போவாங்கன்னு கவுன்சிலிங் உக்காந்தவங்களுக்கு தெரியும். ரெண்டு பேருக்கு கட் ஆஃப் ஒண்ணா இருந்தா கணக்கு மார்க் பாப்பாங்க, அப்புறம் பிசிக்ஸ், விருப்பப் பாடம், ப்ளஸ் டூ மொத்தம், பத்தாவது மொத்தம். அதுவும் சமம்னா பொறந்த தேதி. அதுவும் ஒண்ணா இருந்துட்டா கடைசில கம்ப்யூட்டர் ஒவ்வொருத்தருக்கும் போட்டு வச்சிருக்குற சம வாய்ப்பு எண். அதாவது குலுக்கல் சீட்டு! அந்த இடத்துக்கு வந்துட்டா புத்திசாலித்தனம், உழைப்பு எதுக்கும் வேலை இல்ல, ஆனா வரிசைல ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பின்னாடிதான்.

இன்னும் பச்சையா பாக்கணும்னா போஸ்ட் ஆபீஸ்ல கிராமின் டாக் சேவக் வேலைக்கு ஆள் எடுக்குற முறைய பாருங்க. பரிட்சை கிடையாது, இன்டர்வியூ கிடையாது. பத்தாவது மார்க்க சதவீதமாக்கி, புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் வரைக்கும் கணக்கு போட்டு லிஸ்ட் எடுத்துடுவாங்க. 15 வயசுல சமூக அறிவியல் பேப்பர்ல ஒரு மேப் கேள்விய விட்டத வச்சு 22 வயசுல அரசாங்கத்து வேலை போகும். மார்க் வெறும் பேப்பர்னு அந்த லிஸ்ட்ல ஒரு எடம் தள்ளி நின்னவன்கிட்ட போய் சொல்ல முடியாது.

என்னோட படிச்சவன் ஒருத்தன், மணின்னு வச்சுக்குவோம். ப்ளஸ் டூ 1200க்கு இருந்த காலம் அது. அவனுக்கு 715. சதவீதம் போட்டா 59.58. ஃபைனல் இயர்ல ஒரு பெரிய ஐ.டி கம்பெனி காலேஜுக்கு வந்துச்சு, "60 பர்சென்ட் த்ரூ அவுட்"ங்கிற அந்த புகழ்பெற்ற கண்டிஷனோட, அதாவது பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரி மூணுலயும் 60. மணி ரவுண்ட் பண்ணா 60 தானேன்னு தைரியமா கடன் வாங்குன டையோட வரிசைல நின்னான். டேபிள்ல இருந்த அம்மா மார்க்‌ஷீட்ட வாங்கி கால்குலேட்டர்ல தட்டி பாத்துட்டு, திட்டல, ஒண்ணும் பண்ணல, சாரிப்பா 720 இருக்கணும்னு ஃபைல திருப்பி கைல குடுத்துட்டாங்க. அவ்ளோதான். கோடிங்ல எங்க டிபார்ட்மென்ட்லயே அவன அடிச்சிக்க ஆள் கிடையாது, அவன்கிட்ட டவுட் கேட்டு அசைன்மென்ட் முடிச்ச நான் உள்ள போயிட்டேன். அஞ்சு மார்க். ஆடிட்டோரியம் வாசல் படில உக்காந்து டைய அவுத்து சுருட்டி பாக்கெட்ல வச்சிக்கிட்டு எங்களுக்காக வெயிட் பண்ணான், கேன்டீன் போய் பரோட்டா சாப்ட்டோம், எனக்குதான் எறங்கல.

இது ஒரு பக்கம். இனிமே உள்ள போனப்பறம் என்ன ஆகுதுன்னு பாக்கலாம், இங்கதான் கொழப்பம் ஜாஸ்தி.

2013ல கூகுள்ல ஆள் எடுக்குற பிரிவுக்கு தலைவரா இருந்த லாஸ்லோ பாக் ஒரு பேட்டில, வேலைக்கு ஆள் எடுக்க காலேஜ் மார்க் ஒண்ணுக்கும் உதவாது, எங்க டேட்டாவ அலசிட்டோம்னு சொன்னாரு. உலகம் பூரா அத தலைல வச்சு ஆடுனாங்க. புதுசா காலேஜ் முடிச்சு வர்றவங்க விஷயத்துல மட்டும் கொஞ்சூண்டு சம்பந்தம் இருக்குன்னும் அவரு சேத்து சொன்னாரு, அந்த பாதி எங்க பெரியப்பா வரைக்கும் வந்து சேரல.

அவரு சொன்னது பொய்யில்ல. ஆனா அத அப்படியே அக்கா பையனுக்கு பொருத்த முடியாது. ஏன்னு புரிய ஊர் வாலிபால் டீமுக்கு வருவோம். வாலிபாலுக்கு ஒசரம் முக்கியமா? ஆமா. இப்போ ஸ்டேட் டீம்ல இருக்குற 12 பேர எடுத்து, யாரு ஒசரம், யாரு நல்லா ஆடுறான்னு ஒப்பிட்டு பாருங்க. பெருசா சம்பந்தமே தெரியாது. எல்லாருமே ஆறடிக்கு மேல, அதுல ரெண்டு இன்ச் கூட கொறச்ச என்ன பண்ணிடப் போகுது, ஆட்டத்த பிரிக்கிறது டைமிங்கும் கையும்தான். அத வச்சு "வாலிபாலுக்கு ஒசரமே தேவையில்ல"ன்னு சொன்னா சிரிப்பாங்கல்ல? குட்டையான பசங்கள முன்னாடியே வடிகட்டிட்டோம், அவங்க நம்ம கணக்குலயே வரல. கூகுளும் இப்படிதான். அங்க விண்ணப்பம் போட்டு, பல கட்டம் தாண்டி உள்ள வந்தவங்க மார்க்லயோ வேற ஏதோ ஒண்ணுலயோ ஏற்கனவே பொறுக்கி எடுக்கப்பட்டவங்க. அவங்களுக்குள்ள மார்க்க வச்சு தரம் பிரிக்க முடியலங்கிறது ஒரு உண்மை. மார்க்கே தேவையில்லங்கிறது அதுலேந்து வராது. வடிகட்டுனதுக்கு அப்புறம் மிச்சம் இருக்குறத மட்டும் பாத்தா சம்பந்தம் கம்மியா தெரியும், இந்த ஒரு ஐடியா புரிஞ்சா பாதி சண்டை தீந்துடும்.

நம்பர் வேணும்ங்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். புள்ளியியல்ல ரெண்டு விஷயத்துக்கு எவ்ளோ சம்பந்தம்னு சொல்ல ஒரு அளவு இருக்கு, ஒண்ணு ஏற ஏற இன்னொண்ணும் பிசகாம நேர்கோட்டுல ஏறுனா 1, அப்படி எந்த ஒட்டுறவும் தெரியலன்னா 0. 1996ல பிலிப் ராத்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரு கூட்டாளிகளும் அதுக்கு முன்னாடி வந்த பல ஆய்வுகள ஒண்ணா திரட்டி, காலேஜ் மார்க்குக்கும் வேலைல காட்டுற திறமைக்கும் சம்பந்தம் பாத்தாங்க. நேரா வந்த நம்பர் 0.16. ரொம்ப கம்மி. ஆனா நான் மேல சொன்ன வடிகட்டல், அப்புறம் அளக்குறதுல வர்ற பிழை இதெல்லாம் சரி பண்ணி பாத்தப்போ 0.3க்கு மேல போச்சு. அதுவும் காலேஜ் முடிச்ச ஒரு வருஷத்துல பாத்தா சம்பந்தம் அதிகம், பல வருஷம் கழிச்சு பாத்தா தேஞ்சுடுது. என் கணக்குல இது ரொம்ப நியாயமான பதில். பூஜ்யமும் இல்ல, தலையெழுத்தும் இல்ல. மார்க் கொஞ்சம் சொல்லுது, நாளாக ஆக கம்மியா சொல்லுது, மிச்சம் பெரும்பகுதி வேற எங்கயோ இருக்கு.

சரி, பெரியப்பாவோட ஃபார்வர்டுக்கு வருவோம். அதுல இருக்குற ஓட்டைய புரிஞ்சிக்க ஒரு போர் விமானக் கதை இருக்கு. ரெண்டாம் உலகப் போர் நேரம், அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டில ராணுவத்துக்காக கணக்கு போடுற ஒரு குழு. அதுல ஆபிரகாம் வால்டுன்னு ஒரு கணித மேதை. சண்டைக்கு போயிட்டு திரும்பி வர்ற விமானங்கள்ல எங்கெங்க குண்டு ஓட்டை இருக்குன்னு கணக்கு எடுத்தா றெக்கைல, உடம்புல நெறைய, இன்ஜின்ல கம்மி. அப்போ றெக்கைக்கு கூடுதலா இரும்புத் தகடு போடலாமான்னா, இல்ல, இன்ஜினுக்கு போடுங்கன்னாராம் வால்ட். ஏன்னா நம்ம பாக்குறது திரும்பி வந்த விமானத்த மட்டும்தான். இன்ஜின்ல அடி வாங்குனது திரும்பியே வரல, அதான் அந்த எடத்துல ஓட்டை கம்மியா தெரியுது. இதுல மனச என்னமோ பண்ற ஒரு விஷயம், விமானம் எப்படி தப்பிக்கும்னு கணக்கு போட்ட அதே மனுஷன் 1950 டிசம்பர்ல இந்திய அரசாங்கம் கூப்பிட்டு இங்க லெக்சர் குடுக்க வந்தப்போ விமான விபத்துல செத்தாரு, அதுவும் நம்ம நீலகிரி மலைல மோதி.

இப்போ காலேஜ பாதில விட்டவங்க லிஸ்ட்ட பாருங்க. அதெல்லாம் திரும்பி வந்த விமானம். பாதில விட்டுட்டு காணாம போனவங்கள பத்தி யாரு ஃபார்வர்ட் போடுவா? மணி மாதிரியே அன்னிக்கு 60ல அடிபட்டவன் இன்னொருத்தன் எங்க கிளாஸ்ல இருந்தான், அவனும் நல்லா படிக்கிறவன்தான், நடுவுல டைபாய்டு வந்து ப்ளஸ் டூ போச்சு. இப்போ எங்க இருக்கான்னு எங்க யாருக்குமே தெரியல. ரீயூனியனுக்கு வரல, நம்பர் மாத்திட்டான். வெற்றிக் கதைல அவன் எடம் காலியாதான் இருக்கும், அந்த காலி எடத்தையும் சேத்து எண்ணுனாதான் கணக்கு.

பில் கேட்ஸ் விஷயத்துல இன்னொரு வேடிக்க இருக்கு. அவரு 1975ல விட்டது ஹார்வர்ட. விடணும்னா மொதல்ல உள்ள போயிருக்கணும்ல? 1968லயே கம்ப்யூட்டர் டெர்மினல் வச்சிருந்த தனியார் ஸ்கூல்ல படிச்ச புள்ள அவரு, அப்போ பல யுனிவர்சிட்டிலயே அது கிடையாது. தொழில் சரியா வரலன்னா திரும்பிப் போய் படிக்கலாம்ங்கிற தைரியத்தோட வெளிய வந்தவரையும், ஃபீஸ் கட்ட முடியாம டி.சி வாங்குன நம்ம தெரு பையனையும் ஒரே வார்த்தைல "ட்ராப் அவுட்"னு சொல்றது எனக்கு அவ்ளோ நியாயமா படல.

ராமானுஜன் கதைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா அது ஃபார்வர்ட் சொல்றதுக்கு நேர் எதிரா இருக்கு. அவரு ஸ்கூல்ல மோசமான மாணவன் கிடையாது. 1897ல ப்ரைமரி பரிட்சைல ஜில்லாவுலயே மொதல். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல பரிசு வாங்குனவரு, 1904ல கவர்மென்ட் காலேஜுக்கு ஸ்காலர்ஷிப்போட போனாரு. அங்க போயி கணக்கு தவிர எதையும் தொடல, மத்த பாடத்துல கோட்டை விட்டு ஸ்காலர்ஷிப் போச்சு. அப்புறம் மெட்ராஸ் பச்சையப்பன்ல சேந்து எஃப்.ஏ (டிகிரிக்கு முந்தின படிப்பு) பரிட்சை எழுதி அதுலயும் தேறல, ஃபிசியாலஜி பேப்பர் கால வாரிடுச்சு. அப்போ என்ன ஆச்சுங்கிறத யாரும் சொல்றதில்ல. வருஷக்கணக்கா வேலை இல்ல, சில நேரம் சோத்துக்கே கஷ்டம், நோட்டுப் புத்தகத்த கக்கத்துல இடுக்கிக்கிட்டு வீடு வீடா போயி பெரிய மனுஷங்கள பாத்திருக்காரு. நெல்லூர் கலெக்டரா இருந்த ராமச்சந்திர ராவ் பாத்துட்டு மாசம் 25 ரூபா குடுத்தாரு. 1912ல மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல 30 ரூபா சம்பளத்துக்கு கிளார்க் வேலை. 1913 ஜனவரில இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருந்த கணித மேதை ஹார்டிக்கு லெட்டர், 1918ல லண்டன் ராயல் சொசைட்டிங்கிற பெரிய அறிவியல் சங்கத்துல உறுப்பினர். அதாவது ஸ்காலர்ஷிப் போனதுலேந்து ஒரு சாதாரண கிளார்க் வேலை கெடைக்கவே ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கு, உலகத்துலயே தலைசிறந்த மூளைல ஒண்ணுக்கு! 32 வயசுல செத்துப்போனவரோட வாழ்க்கைல அது எவ்ளோ பெரிய பங்குன்னு யோசிச்சு பாருங்க. மார்க் முக்கியமில்லன்னு இந்தக் கதை சொல்லல. மார்க் இல்லன்னா கதவு எப்படி சாத்தும், அத சுத்திக்கிட்டு வர எத்தன மனுஷங்களோட கை வேணும்னுதான் சொல்லுது.

மார்க்குக்கு பின்னாடி என்ன இருக்குங்கிறதையும் தொட்டுட்டு போயிடறேன். வீட்ல புத்தக அலமாரி இருக்குற பசங்க நல்ல மார்க் வாங்குறாங்கன்னு யாராச்சும் சொன்னா, நாளைக்கே அலமாரி வாங்கி ஹால்ல வச்சா மார்க் வந்துடுமா? வராது. அலமாரி வாங்குற வீட்ல படிச்ச அப்பா அம்மா இருப்பாங்க, அமைதியா உக்கார எடம் இருக்கும், ட்யூஷன் காசு இருக்கும். அந்த வசதிதான் அலமாரியையும் கொண்டாந்துச்சு, மார்க்கையும் கொண்டாந்துச்சு. அதே வசதி பின்னாடி வேலைக்கும் சிபாரிசு பண்ணும். அதனால நல்ல மார்க் வாங்குனவங்க நல்லா இருக்காங்கன்னா, அவ்ளோ பெருமையும் மார்க்குக்கு மட்டும் போகக்கூடாது. இதுலேந்து எனக்கு தோணுற ஒண்ணு, கொஞ்சம் கசப்புதான்: ஜவுளிக் கடைக்காரர் பையன் 55 பர்சென்ட் எடுத்தா கல்லால உக்காந்துக்குவான், கொத்தனார் பொண்ணு 55 எடுத்தா அவளுக்கு அடுத்த வழி என்னங்கிறதே தெரியாது. மார்க் முக்கியமில்லன்னு சொல்ற ஆடம்பரம் எல்லார் வீட்லயும் கெடையாது. வீட்ல மொத பட்டதாரிக்கு மார்க்தான் சிபாரிசு லெட்டர்.

அதே நேரம் மார்க்க மட்டும் துரத்துனா அதுவே மார்க்க செல்லாக்காசு ஆக்கிடும். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோட இருந்த பல ஸ்கூல்ல பதினொண்ணாவது புத்தகத்த தொறக்காமலே ரெண்டு வருஷமும் பன்னெண்டாவத ஓட்டுனது ஊரறிஞ்ச விஷயம், அதுக்காகவேதான் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டாந்தாங்க, மொத தடவ 2018 மார்ச்ல நடந்துச்சு. எங்க பேட்ச்ல 1140 எடுத்துட்டு வந்த ஒருத்தன் மொத செமஸ்டர் கணக்கு பேப்பரான எம்-ஒன்ல அரியர் வச்சிட்டு, லிமிட்னா என்னன்னே எனக்கு யாரும் சொல்லித் தரலடான்னு ஹாஸ்டல் மொட்டை மாடில அழுதான். சார்லஸ் குட்ஹார்ட்டுன்னு ஒரு பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் இருக்காரு, அவரு பேர்லயே இதுக்கு ஒரு விதி வச்சிருக்காங்க: ஒரு அளவையே இலக்கா ஆக்கிட்டா அப்புறம் அது எதையும் சரியா அளக்காது. தெர்மாமீட்டர வெந்நீர்ல முக்கி வச்சா காய்ச்சல் வந்ததா ஆகுமா?

அப்போ கம்பெனிங்க ஏன் இன்னும் இத கட்டிக்கிட்டு அழுவுறாங்க? மைக்கேல் ஸ்பென்ஸ்னு ஒருத்தர் 1973ல இதுக்கு ஒரு விளக்கம் குடுத்தாரு, 2001ல பொருளாதார நோபல் பரிசு வாங்குனவர்ல ஒருத்தர். ஆள் எடுக்குறவனுக்கு எதிர்ல நிக்கிறவனோட உண்மையான திறமை தெரியாது. அதனால வெளிய தெரியிற ஏதோ ஒரு அடையாளத்த பிடிச்சுக்குறான். பரிட்சைக்கு படிச்ச விஷயம் வேலைக்கு ஒதவாட்டியும் பரவால்ல, கஷ்டப்பட்டு ஒரு எடத்துல உக்காந்து முடிச்சான்ல, அது ஒரு சிக்னல். தப்பு நெறைய வரும். ஆனா மலிவு.

அக்காட்ட இதையெல்லாம் போன்ல சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு "அப்போ 431க்கு என்ன காலேஜ் கெடைக்கும்"னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதான், கட் ஆஃப் போட்டு போன வருஷ லிஸ்ட் எடுத்து உக்காந்திருக்கோம்.

மணி என்ன ஆனான்னு கேப்பீங்க. கிண்டில ஒரு சின்ன கம்பெனில பாதி சம்பளத்துக்கு மூணு வருஷம் குப்பை கொட்டிட்டு, அந்த அனுபவத்த வச்சே ஒரு பெரிய கம்பெனிக்குள்ள போனான். அங்க ப்ளஸ் டூ மார்க்‌ஷீட்ட ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வச்சதோட சரி, நம்பர யாரும் பாக்கல. இப்போ அவன் ஃப்ரெஷர்ஸ் எடுக்குற பேனல்ல இருக்கான். போன மாசம் ஒரு காலேஜுக்கு போயிருக்கான், 900 அப்ளிகேஷன், ரெண்டு நாள் டைம். மொத வேலையா எக்செல்ல 60க்கு கீழ இருக்குறத ஃபில்டர் போட்டு தூக்கிட்டேன்டான்னு அவனே சொன்னான். எனக்கு அந்த டை ஞாபகம் வந்துச்சு.

"உனக்கே இது நடந்துச்சே, 59க்காவது எறக்கிருக்கலாம்லடா"ன்னு கேட்டேன்.

"எறக்கலாம், 58.9 வச்சிருக்குறவன்கிட்ட என்னடா சொல்றது"ன்னான்.